லூமிங் அக்கா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே

நவோதாஸ்,
வெள்ளிக்கிழமை, மீன் ஏலம் முடிந்த பிறகு

மரியாதைக்குரிய என் மூத்த அக்கா லூமிங் அவர்களுக்குத் தங்கை பாசிங் எழுதிக்கொண்டது.

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம், பக்கத்து வீட்டுப் புட்சோயைத் தவிர. அவன் செத்துப்போனவன் என்பதால் அந்த நிலைமைக்கு அவனும் நலம்தான். ஹாங்காங்கில் நீயும் உன் எசமானியும் அவள் நாயும் சுகமாயிருக்கத் தினமும் செபம் சொல்கிறேன். நாய்க்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், போன போட்டோவில் உன்னைவிட அதுதான் இளைத்திருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் விஷயத்துக்குச் சிரிக்காதே.

உன் மகன் ரொம்மெலைக் காலேஜ் கூடைப்பந்து டீமில் மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் சும்மா. தாய் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அனுப்பாவிட்டால் நான் ஒளித்துவிட்டேன் என்பான். அக்கா, அதில் கையெழுத்து மட்டும் போடாதே. மீன் பொரித்தால் எண்ணெய் வடிக்க வைத்துக்கொள். ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நம் சந்தில் கரண்டு கம்பத்தில் வளையம் அடித்திருக்கிறதே, அதில்தான் உன் மகன் ஆடி வளர்ந்தான். மூன்று பேர் சேர்ந்து நின்றால் நான்காவது ஆள் சாக்கடையில் நிற்க வேண்டிய சந்து. நடுவில் துணிக்கொடி, குறுக்கே சைக்கிள் வண்டி, கோழி, நான். இத்தனைக்கும் நடுவே உன் மகன் பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு வந்து, எங்கோ பார்த்தபடி இடது மூலைக்கு எறிவான். அங்கே செபா அக்காவின் துவைக்கிற கல் பக்கத்தில் அவள் மகன் புட்சோய் ரப்பர் செருப்போடு நின்று வாங்கி வளையத்தில் போடுவான். இப்படிப் பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பரிமாறுகிறவனுக்குப் பாயிண்ட் கார்டு என்று பேராம். வீட்டில் ஒரு நாளாவது சோறு பரிமாறியிருப்பானா, கேள். கராவ் தெருப் பையன்கள், மலபோன் பையன்கள், மீன் துறைமுகத்துச் சுமைகூலிகள் என்று யார் வந்தாலும் இந்த இரண்டு பேரும் சேர்ந்து தோற்கடித்து அனுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் ஒரு கோச், வா, வந்து ஆடிக் காட்டு என்று தேதி கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தேதிக்குள் ஜூன் வெள்ளம் வந்தது. புட்சோய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் செபா அக்காவின் பன்றியைத் தூக்கி வந்தான். பன்றி பிழைத்தது. அவன் எலிக் காய்ச்சலில் ஒன்பதாம் நாள் போனான். வேறு இடமில்லாததால் சவப்பெட்டியை வளையத்துக்குக் கீழேதான் வைத்தோம். ஏழு நாள் சந்தில் ஆட்டம் கிடையாது. அடக்கம் பண்ணிய நாளும் ஆடிக் காட்டச் சொன்ன நாளும் ஒன்றாகவே வந்து தொலைத்தது.

சாவிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, வழியில் எங்காவது நுழைந்து, கூட வந்ததை உதறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உனக்கு நானா சொல்லித்தர வேண்டும்? சந்தே நூடுல்ஸ் கடைக்குப் போய் உட்கார்ந்து உதறியது. எனக்கும் உன் மகனுக்கும் நேரமில்லை. கல்லறை மண் ஒட்டிய காலோடு ஜீப்னி வண்டியில் தொற்றி நேரே காலேஜ் ஆட்டக்கூடத்துக்குப் போனோம். புரிகிறதா அக்கா? முதலில் நுழைந்த இடம் அதுதான். உதறியது அங்கேதான். நூடுல்ஸ் கடையில் உதறியிருந்தால் புட்சோய் அந்தக் கடைக்காரனோடு கிடந்திருப்பான், அவனுக்கும் அது வேண்டியதுதான்.

உள்ளே போனதும் கோச், "பாசிங்! பாசிங்!" என்று கத்தினார். இவ்வளவு பெரிய மனிதர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரே என்று நான் எழுந்து செருப்போடு ஆடுகளத்துக்குள் போய், "சொல்லுங்க சார், நான்தான்" என்று நின்றேன். முப்பது பையன்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். பந்தைக் கைமாற்றச் சொல்லித்தான் அவர் அப்படிக் கத்தினாராம். ரொம்மெல் மட்டும் சிரிக்கவில்லை. இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் தொடங்கியதும் பந்தைக் கொண்டுவந்தான், எங்கோ பார்த்தான், இடது மூலைக்கு எறிந்தான். அங்கே யாரும் இல்லை, பந்து வெளியே போனது. மறுபடி எறிந்தான். மறுபடி வெளியே. மூன்றாம் தடவை கோச் விசிலை வாயில் வைத்தார். நாலாம் தடவை, பாவம் பார்த்தோ வெட்கப்பட்டோ, இலோய்லோவிலிருந்து வந்த ஒரு நெட்டைப் பையன் அந்த மூலைக்கு ஓடினான். பந்து அவன் கையில் வந்து உட்கார்ந்தது. போட்டான், விழுந்தது.

"ஆளு நிக்கிற எடத்துக்கு எவன் வேணாலும் போடுவான்யா. நிக்க வேண்டிய எடத்துக்குப் போடுறான் பாரு, இவன்!" என்று கோச் குதித்தார். கொஞ்ச நாள் பார்ப்போம் என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் மூன்றாவது ஆட்டத்தில் முதல் ஐந்து பேரில் ஒருவன். பேப்பரில் பேர் வந்தது, பேரில் ஒரு எழுத்தைத் தின்றுவிட்டார்கள்.

ஆடிக் காட்டிய அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டேன். "டேய், யாருக்குடா எறியுறே?"

"ஆளுக்குத்தான் சித்தி."

"அங்க ஆளே இல்லையேடா!"

"ஒங்களுக்கு இல்ல" என்றான், பஸ்ஸில் இடமில்லை என்பதுபோல.

சின்னப் பையன், துக்கத்தில் பேசுகிறான் என்று விட்டேன். அப்புறம் கூடத்தைக் கூட்டுகிற பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தெனம் தொடைக்கிறேம்மா. இடது மூலையில ரெண்டு செருப்புத் தடம், ஈரமா. சாக்கடை நாத்தம். கூரை ஒழுகுதோன்னு ஏறியும் பாத்துட்டேன், காஞ்சு கெடக்கு." போன வாரம் எதிர் டீமில் எருமை மாதிரி ஒருவன், ஒன்பதாம் நம்பர் சட்டை, அந்த மூலையைக் காக்க நின்றான். இரண்டு நிமிஷத்தில் தன் கோச்சிடம் ஓடி, "சார், வேற எடம் குடுங்க. யாரோ கழுத்துல மூச்சு விடுறாங்க" என்று அழுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அதனால்தான் அக்கா, எதிராளி எவனும் நிற்காமல் அந்த மூலை எப்போதும் காலியாக இருக்கிறது, நெட்டைப் பையன் ஓடிவந்து வாங்கிச் சும்மா போடுகிறான். அதனால்தான் உன் மகன் ஜெயிக்கிறான்.

இதோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இலவசச் சோறு யாருக்குக் கசக்கும்? ஆனால் போன செவ்வாய் அவன் வந்து ஷூவைக் கழற்றினான். இரண்டு காலும் மூன்று நாள் வெள்ளத்தில் நின்றவன் கால்போல வெளுத்து, விரலெல்லாம் சுருங்கிக் கிடந்தது. இரண்டு வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. காய்ச்சல் வேறு.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்ல சித்தி. அவன் பக்கத்துல நின்னா கொஞ்சம் ஈரமாகும்."

புட்சோய்க்கும் இப்படித்தான் காலில் ஆரம்பித்தது. நட்பு பெரிசுதான், ஆனால் செத்தவனுக்குத் துணைக்கு அனுப்பவா நீ ஹாங்காங்கில் அடுத்தவள் நாயைக் குளிப்பாட்டுகிறாய்?

ஆகவே நானே ஒரு வழி பண்ணியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் செபா அக்காவைக் கூட்டிப்போகிறேன். பெற்றவள் வாசலில் நின்று பேர் சொல்லி, வாடா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் எந்த ஆவியும் பின்னாலேயே வந்தாக வேண்டும். அப்படியே கல்லறையில் கொண்டுபோய் விட்டுவிடுவோம். அதற்கப்புறம் உன் மகன் எறியும் பந்தெல்லாம் வெளியே போகிற பந்துதான், கோச் துரத்திவிடுவார் என்று தெரியும். துரத்தட்டும். துறைமுகத்தில் மீன் கூடை தூக்குவான். காலில் மீன் தண்ணீர் படும், பரவாயில்லை, அது கழுவினால் போகும்.

கையெழுத்துப் போடாதே. இது தங்கை சொல் அல்ல, உத்தரவு.

மாதா உன்னையும் உன் இடுப்பு வலியையும் காப்பாற்றட்டும். உன் எசமானிக்கு என் வணக்கம், அவள் கேட்காவிட்டாலும் சொல். நாயைத் தடவிக் கொடு.

உன் அன்புத் தங்கை,
பாசிங்

பின்குறிப்பு: ஞாயிறு சாயங்காலம். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, என் பையிலேயே இருந்தது. தாள் உள்ளே இல்லையே என்று தேடாதே. உன் பேரில் நானே கையெழுத்துப் போட்டுக் கோச்சிடம் கொடுத்துவிட்டேன். யாராவது கேட்டால் உன்னுடையது என்று சொல். உன் எழுத்தும் கோழி கிளறியது மாதிரிதானே.

நடந்தது இதுதான். செபா அக்காவை இடது மூலைக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார வைத்து, காதில் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்மெல் பந்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் எறிந்தான். நெட்டைப் பையன் வந்து சேரவில்லை. பந்து ஒருமுறை குதித்து நேரே அவள் மடியில் விழுந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். நடுவர் வந்து கையை நீட்டினார்.

"பந்தைக் குடுங்கம்மா."

"இது என் புள்ளைக்கு வந்தது" என்றாள்.

"கூப்பிடுக்கா, இப்பவே கூப்பிடு" என்று நான் இடித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "வீட்டுல அவனுக்குத் தட்டு வைக்காதேன்னாங்க, விட்டுட்டேன். துணிய எடுத்துக் குடுத்துருன்னாங்க, குடுத்துட்டேன். இங்க ஒருத்தன் அவனுக்குப் பந்து போடுறான். அதையும் நிறுத்தணுமா, பாசிங்?"

அப்புறம் எழுந்து, காலி மூலையைப் பார்த்து, நம் சந்தில் கத்துகிற அதே குரலில் கத்தினாள். "டேய் புட்சோய்! கால தொடச்சிட்டு நில்லுடா! அடுத்தவன் கால ஏண்டா நனைக்கிறே, அவன் ஆட வேணாமா?" பிறகு பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை அக்கா, நான்கூட. ஆட்டம் முடிந்ததும் பெரியவர் துடைப்பத்தோடு வந்து, குனிந்து, தரையைத் தடவி, கையில் ஈரமில்லை என்று பார்த்துவிட்டு, துடைக்காமலே போனார். ரொம்மெலை உட்கார வைத்து ஷூவை நானே கழற்றினேன். காய்ந்த கால், சூடான கால், வழக்கமான நாற்றம். அங்கேயே அந்தத் தாளை எடுத்துப் போட்டுவிட்டேன் கையெழுத்தை.

கிளம்பும்போது செபா அக்கா வாசலில் திரும்பி நின்றாள். கூப்பிடத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"இருக்கட்டும்" என்றாள். "அடுத்த வாரமும் ஆட்டம் இருக்குல்ல?"