நான் வானம் விற்ற கதை

என் மனைவியின் வானத்தை எப்படியாவது விற்றே தீருவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் சபதம் எடுக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு.

வானம் என்றால் நிஜ வானம் இல்லை, படம். எங்கள் குடியிருப்பின் சமூகக் கூடத்து மாடியில் ஓர் ஓவியக்கூடம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வரையத் தெரிந்தவர்கள் அங்கேயே வரைந்து அங்கேயே மாட்டுவார்கள். வரையத் தெரியாதவர்கள் வந்து பார்த்துவிட்டு, “இதென்ன பிரமாதம், நாமளே வரைஞ்சிருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டு போவார்கள். இந்த முறை கண்காட்சிக்குக் கொடுத்த பொருள், வானம். வானத்தைப் பார்த்தால் என்ன தோன்றுகிறதோ அதை வரைய வேண்டும். எனக்கு வானத்தைப் பார்த்தால் கொடியில் துணி காய்கிறதே என்று மட்டும்தான் தோன்றும். என் மனைவிக்கு என்னென்னவோ தோன்றிவிட்டது. தோன்றியதெல்லாம் சேர்ந்து ஒரு இரட்டைக் கட்டில் அளவுக்கு வந்துவிட்டது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தாள்.

“என்னங்க, படத்தை யாரும் வாங்கலைன்னா என்ன பண்றது?”

“வாங்குவாங்க, வாங்குவாங்க.” என் கண் டி.வி.யில் இருந்தது.

“ஒருவேளை வாங்கலைன்னா?”

“வீட்டுக்குக் கொண்டுவந்துடலாம். நம்ம படம் நமக்குப் பாரமா?” என்றேன் பெருந்தன்மையாக.

“நானும் அதைத்தான் நினைச்சேன். அந்தச் சுவத்துல மாட்டிடலாம்.”

“எந்தச் சுவத்துல?”

“டி.வி. இருக்கே, அதுல. வேற எந்தச் சுவத்துல அவ்வளவு பெரிசு கொள்ளும்?”

“அப்ப டி.வி.?”

“அதைத்தான் இத்தனை வருஷமா பாத்தாச்சே.”

வாயில் போட்ட கவளம் போகிற வழி தெரியாமல் நின்றுவிட்டது. கண்காட்சி முடிந்து அடுத்த ஞாயிறு கிரிக்கெட் இறுதி ஆட்டம். இதைச் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லாமலே அவளுக்கும் தெரிந்திருக்கும். என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த டாக்டர் கிறுக்கிய கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். என் முகம் அவளுக்கு அச்செழுத்து.

உடனே எதிர்வீட்டு மச்சானிடம் ஓடினேன். ரத்த உறவெல்லாம் இல்லை. குடிவந்த அன்றே என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டார், நான் மாப்பிள்ளை ஆகிவிட்டேன். இந்த உறவில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு என் டி.வி. கிடைத்தது. அவர் வீட்டு டி.வி. கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. சரிசெய்ய அவர் அவசரப்படவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மாப்ளே, இது அநியாயம். இறுதி ஆட்டத்தை நாம எங்க பாக்கறது?”

“வானத்தப் பாக்கலாம்.”

“விளையாடாதீங்க. அந்தப் படத்தை வித்துடுங்க. நான் கூட்டத்துல நின்னு ஆகா ஓகோங்கறேன். நாலு பேரு ஆசைப்படுவாங்க.”

“நான் விக்கறதா? எனக்கு அதெல்லாம் வராதே!”

உண்மையாகவே வராது. நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். தண்ணீர் வரவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்களை ஆறவைத்து அனுப்புவது என் வேலை. வந்தவரை எப்படிப் போகவைப்பது என்று எனக்குக் கரதலப்பாடம். போகிறவரை நிற்கவைத்துப் பழக்கமே இல்லை.

இருந்தாலும் சபதம் சபதம்தான். சனிக்கிழமை காலை கூட்டம் வருவதற்கு முன்பே ஓவியக்கூடத்துக்குப் போய்விட்டேன். கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த குடியிருப்புச் சங்கத்துக் காரியதரிசி அம்மா, “வீட்டம்மாவுக்கு உதவியா வந்தீங்களா? ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு” என்றார். என் மனசைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

மேலே நாலு சுவரிலும் வானம். ஒருவர் மொத்தமும் நீலமாகவே அடித்திருந்தார். இன்னொருவர் மொத்தமும் கறுப்பாக அடித்துவிட்டு, மூலையில் நிலாவை வைத்திருந்தார். நடுச்சுவரில் என் மனைவியுடையது. மழைக்கு முந்தின வானம். மேகம் மேகமாக, கரும்பச்சையும் சாம்பலுமாக, இப்போதே கொட்டிவிடும் போல் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. கீழே வலது மூலையில் மட்டும் சின்னதாக ஒரு துணிக்கொடி. கொடியில் ஒரு பனியன். பனியனில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை எனக்கு நெருக்கமாகத் தெரியும்.

படத்துக்குப் பக்கத்தில் பெயர் எழுதிய அட்டை. அதன் ஓரத்தில் வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. மற்ற அட்டைகளைப் பார்த்தேன். ஒன்றிலும் பொட்டு இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு மனுவில் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டோமானால் அது தள்ளுபடி. அப்புறம் அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆக, ஆரம்பிப்பதற்கு முன்பே என் மனைவியின் படத்தை ஒதுக்கிவிட்டார்கள்!

எனக்கு வந்த கோபம் டி.வி.க்காக மட்டும் வந்தது இல்லை. ராத்திரி பகலாகக் கைநோக வரைந்தவளுக்கு இப்படியா செய்வார்கள்? அக்கம்பக்கம் பார்த்தேன். நகத்தால் நெம்பினேன். பொட்டு வந்துவிட்டது. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றேன்.

கூட்டம் வந்தது. மச்சானும் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது என்று ஏற்பாடு.

“ஆகா! இதுல்ல படம்! யாருங்க வரைஞ்சது? எவ்வளவு ஆனாலும் வாங்கிடலாமே!” என்று கத்தினார். நாலு பேர் திரும்பினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். குனிந்து மூலையைப் பார்த்தார். “அட, மாப்ளே! இது உங்க பனியன்ல?”

மொத்தக் கூடமும் என்னைப் பார்த்தது.

“அந்த ஓட்டையைக் கவனிங்க,” என்றேன் சட்டென்று. “சாதாரண ஓட்டை இல்லை. அது வழியாவும் வானம் தெரியுது பாருங்க. எவ்வளவு சின்ன இடம் கிடைச்சாலும் வானம் உள்ள வந்துடும். அதுதான் இதுல தத்துவம்.”

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. “அப்படியா!” என்று ஒரு அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. இந்தச் சாம்பல் நிறத்துக்காக அவள் எத்தனை தடவை மொட்டைமாடிக்கு ஓடினாள், வீட்டில் எத்தனை தடவை கலந்து கலந்து கொட்டினாள் என்றெல்லாம் சொன்னேன். அதெல்லாம் நான் கவனித்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டினார்கள்.

“படம் அருமை சார். ஆனா இவ்வளவு பெரிசா வீட்டுல சுவர் இல்லையே.”

“ஒரு சுவர்கூடவா இல்லை?”

“ஒண்ணு இருக்கு. அதுல டி.வி. இருக்கு.”

இதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவர்களில் ஒவ்வொருவரும் நானே. அன்று அரையிறுதி ஆட்டம் வேறு. அதையும் விட்டுவிட்டு நின்றேன். ஒருவரும் வாங்கவில்லை. மச்சான் ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்குத் தலைவலி என்று கிளம்பிவிட்டார். தன்னிடம் இருக்கும் மாற்றுச்சாவியால் என் வீட்டைத் திறந்து, தலைவலியோடு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்காட்சி முடிகிற நேரம். தெருமுனை சலூன்காரர் வந்து படத்தின் முன்னால் நின்றார். “நல்லாத்தான் இருக்கு. சுவர்...” என்று இழுத்தார். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“சுவரா? வானத்தைப் போய் யாராவது சுவத்துல மாட்டுவாங்களா? வானம் எங்க இருக்கு? தலைக்கு மேலதானே இருக்கு? கூரையில மாட்டுங்க!”

சலூன்காரர் அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

“நீங்க சொல்றது சரிதான் சார். தலை கழுவறதுக்குச் சாயவெச்சா கஸ்டமரு ஒட்டடையைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. இந்தப் படத்தை எனக்கே குடுத்துடுங்க.”

விற்றுவிட்டேன்! வானத்தையே விற்றுவிட்டேன்! காரியதரிசி அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் அட்டையைப் பார்த்தார். முகம் மாறியது.

“சார், இதை எப்படி விக்க முடியும்? முந்தாநாள் படம் மாட்டும்போதே பல் டாக்டர் வாங்கிட்டாரே. வித்துப்போச்சுன்னு நானே சிவப்புப் பொட்டு ஒட்டினேனே. எங்க காணோம்?”

சட்டைப்பை சுட்டது. சனிக்கிழமை சட்டையையே ஞாயிற்றுக்கிழமையும் போட்டிருந்தேன்.

“காத்துல உதிர்ந்திருக்குங்க,” என்று பின்னால் ஒரு குரல். என் மனைவி. அவளை அந்த நிமிஷம் தெய்வமாகவே நினைத்தேன். பக்கத்தில் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

“நானும் சார் பேசினதைக் கேட்டேன்,” என்றார் டாக்டர். “வரவேற்பறைச் சுவருக்குன்னுதான் வாங்கினேன். இப்ப கூரையிலேயே மாட்டப்போறேன். நாற்காலியில சாஞ்சா பேஷன்ட் மேலதானே பாப்பாரு? ஆனா என்கிட்ட ரெண்டு நாற்காலி இருக்கே. இன்னொண்ணு வேணுமே?”

“அப்ப எனக்கு?” என்றார் சலூன்காரர்.

“ரெண்டு பேருக்கும் வரைஞ்சு தர்றேன்,” என்றாள் என் மனைவி. ஒரு நொடி யோசிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

“பொட்டைப் பத்திரமா வெச்சிருக்கீங்களா?”

நின்றுவிட்டேன். “பாத்தியா?”

“நீங்க நகத்தால நெம்பும்போதே பாத்தேன். தூணுக்குப் பின்னாலதான் நின்னேன்.”

“வித்தாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ரெண்டு நாளா காலு ரெண்டும் வீங்கிப்போச்சு!”

“சொல்லியிருந்தா வீட்டுக்குப் போய் டி.வி. போட்டிருப்பீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி யாருகிட்டயாவது நாலு வார்த்தை நல்லதா சொல்லியிருக்கீங்களா? சொல்லுங்க. அதான், பேசட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு நாளும் தூணுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தது வெட்கமாகவும் இருந்தது. அந்த இளகிய நேரம் பார்த்து அடுத்ததைச் சொன்னாள்.

“அங்க இனிமே களிமண் கண்காட்சியாம், இடம் கிடையாது. ரெண்டு படத்தையும் வீட்டுலதான் வெச்சு வரையணும். அந்தச் சுவரு வேணுங்க.”

“எந்த...” என்று கேட்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

டி.வி.யைத் தூக்கிப்போக மச்சான் கூப்பிடாமலே வந்தார். “கவலைப்படாதே தங்கச்சி, கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன்” என்றார். அவருக்கு உடனே ஒரு சுவர் கிடைத்துவிட்டது.

இறுதி ஆட்டம். எதிர்வீட்டில் என் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. என் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி ஒரு வானம் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டேன்.

“என்னங்க, ஒரு நிமிஷம். இப்படித் தரையில படுங்க.”

“எதுக்கு?”

“டாக்டர் நாற்காலியில சாஞ்சா எப்படித் தெரியும்னு பாக்கணும். கூரையில மாட்டச் சொன்னது நீங்கதானே?”

படுத்தேன். படத்தின் மேல்முனையைப் பிடித்து என் பக்கமாகச் சாய்த்தாள்.

“வாயைத் திறங்க.”

“வாய் எதுக்கு?”

“பல் டாக்டருகிட்ட வாயை மூடிக்கிட்டா படுத்திருப்பாங்க? நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே வெச்சிருங்க, மூடக்கூடாது. மேகம் கண்ணுக்கு இதமா இருக்கா?”

“ஆ.”

“நீலம் போதுமா?”

“ஆ.”

எதிர்வீட்டில் ஓவென்று ஒரு கூச்சல். யாரோ ஜெயித்துவிட்டார்கள்.

“அப்ப இந்தச் சுவரு இனிமே எனக்கே இருக்கட்டுமா?”

ஐயையோ, வேண்டாம் என்று சொல்லத்தான் பார்த்தேன். “ஆ... ஆ...” என்றுதான் வந்தது.

“ஒரு தடவை ஆமான்னா போதுங்க,” என்றாள்.