காசியில் விட்ட பழம்

கையில் எடுத்த ஆப்பிளை மறுபடி அடுக்கிலேயே வைத்தான் இளம்பரிதி. கடைக்காரர் ஷஹ்பாஸ் அதை எடுத்துத் துணியால் துடைத்து நேராக வைத்தார். காலையிலிருந்து இதே கூத்துதான். இவன் எடுப்பான், போன் வரும், திரும்ப வைப்பான். அவர் துடைப்பார்.

சங்கதி இதுதான். இளம்பரிதியின் மாமனார் கல்யாணராமன் காசிக்குப் போய்த் திரும்பியிருந்தார். காசிக்குப் போகிறவர்கள் கங்கையில் முழுகி எழுந்து ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வருவார்கள். விட்டதை அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. அவர் விட்ட காய் சுரைக்காய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பழம் எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. மனசுக்குள் சொன்னாலே போதும் என்று அங்கே புரோகிதர் சொல்லிவிட்டாராம். இவரும் மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். யாராவது கேட்டால் எரிந்து விழுகிறார்.

வேறொரு நாளாக இருந்தால் இளம்பரிதி இதற்கெல்லாம் அசர மாட்டான். அவன் வேளாண்மை அலுவலர். வரப்பில் நின்றபடியே பயிருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவான். ஆனால் இன்றைய பாடு வேறு. ஷைலஜாவை அவன் ஜாதி விட்டு ஜாதி கட்டி இரண்டு வருஷமாகிறது. இத்தனை நாளும் சுவாமிமலையில் மாமனார் வீட்டுக் கதவு அவளுக்கு மட்டும்தான் திறந்தது. போன வாரம்தான் மாமனார் வாயாலேயே, அவரையும் வரச் சொல்லு, பழம் அவர் வாங்கிண்டு வரட்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. முதல் அழைப்பு. போய் நின்றதும் நிற்காததுமாக, அவர் விட்ட பழத்தையே எடுத்து நீட்டினால் அடுத்த அழைப்பு பேரன் கல்யாணத்துக்குத்தான்.

விருந்துக்குப் பெயர் பிரஞ்ச், காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த வீட்டில் காலங்காலமாகப் பத்தரை மணிக்குத்தான் சாப்பாடு. ஷைலஜாவின் அண்ணன் ரவிசங்கர் சென்னையிலிருந்து வந்து அதற்கு இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டு, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி வளைய வந்துகொண்டிருந்தான்.

முதல் நாளே அங்கே போய்விட்ட ஷைலஜாதான் ஆப்பிள் வேண்டாம் என்றாள். ரயிலில் யாரோ அன்பாகக் கொடுத்த ஆப்பிளை அப்பா கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். சரி, ஆப்பிள் போச்சு.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு சட்டை எடுக்கவே நாலு பேரை விசாரிக்கிறவன் சும்மா இருப்பானா? ரவிசங்கரைக் கூப்பிட்டான்.

"பிடிச்சதைத்தானே விடணும்? அப்பாவுக்கு மாம்பழம்னா உயிர். அப்ப அதுதான்" என்று அவன் அடித்துச் சொன்னான். சொன்னதோடு நிற்கவும் இல்லை. வைக்கோலில் பழுக்கப் போட்டிருந்த மாம்பழங்களை அப்பா கண்ணில் படாமல் அள்ளிக் கொண்டுபோய்க் கார் டிக்கியில் பூட்டிவிட்டான்.

இளம்பரிதி அடுத்து மாமியார் விஜயத்துக்குப் போன் போட்டான். முந்தாநாள் வாழைப்பழத்தை உரித்தே கொடுத்தும் அவர் தொடவில்லை என்று அந்த அம்மாள் இழுத்தாள். போனை வைத்த கையோடு, பூஜைக்கு வாங்கிய சீப்பு முழுவதையும் மாட்டுக்குப் போட்டுவிட்டாள். இவன் இங்கே விசாரிக்க விசாரிக்க, அங்கே ஒவ்வொரு பழமாக வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஷஹ்பாஸுக்குத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. "எதுக்கு சார் ஊரைச் சுத்துறீங்க? பேசாம அவருகிட்டயே கேட்டுடுங்க" என்றார்.

கேட்டான். கல்யாணமாகி மாமனாரிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

"மாமா, நான் பரிதி பேசறேன். பழம் என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"அதை நீங்கதான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணும்" என்று வைத்துவிட்டார்.

சோதிக்கிறார் என்று இவனுக்குப் புரிந்துவிட்டது. கோபம் கூட வந்தது. அவர் பெண்ணைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவனுக்குப் பழத்தில் ஒரு பரீட்சையா? ஆனாலும், எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்ற ஆசை அந்தக் கோபத்தை விழுங்கிவிட்டது. ஆப்பிள், மாம்பழம், வாழைப்பழம் மூன்றையும் தள்ளிவிட்டுக் கடையில் மிச்சம் இருந்ததில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினான். பலா மட்டும் முழுசாக. பின்சீட்டில் அது உருளாமல் இருக்க பெல்ட் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

கல்யாணராமன் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்கோ" என்றவர், பைகளைத் தானே வாங்கிப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். வீடே கூடி நின்று பார்த்தது. கொய்யாவை எடுத்தார், முகம் மலர்ந்தது. மாதுளைக்கு இன்னும் மலர்ந்தது. சாத்துக்குடி, சப்போட்டா, பப்பாளி என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பலாவை ஒரு தட்டுத் தட்டினார். ஷைலஜா கணவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இளம்பரிதிக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

"மாம்பழம்?"

"நல்லா விசாரிச்சேன் மாமா. அதான் வாங்கல."

அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். "வாழைப்பழம்?"

"அதுவும் வாங்கல மாமா."

"ஆப்பிளாவது?"

"இல்ல மாமா."

கல்யாணராமன் முகம் செத்துவிட்டது. யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷைலஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். எந்த இடத்தில் சறுக்கினோம் என்றே தெரியாமல் இளம்பரிதி நின்றான்.

அத்தனை அமளியிலும் ஒரு ஆள் மட்டும் நிதானமாகப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நஜ்மா டீச்சர். கல்யாணராமனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இளம்பரிதியைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"காசியில எதை விட்டோம்னு அவருக்கே மறந்துபோச்சு தம்பி, 'என் மாப்பிள்ளை விசாரிக்காம ஒரு துரும்பைக்கூட வாங்க மாட்டான், அவன் எதை வாங்காம வரானோ அதான் நான் விட்டது'ன்னு நம்பிக் கூப்பிட்டாரு, நீங்க என்னடான்னா மனுஷனை ஒண்ணுக்கு மூணா விட வச்சுட்டீங்களே."