ஆறு பத்தா, ஆறு நாற்பதா

கொட்டாரம்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள மருமகன் சிவபிரசாத்துக்கு மாமா குமாரதாஸ் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மாமி முத்துக்கனியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மற்றதைப் பொறுத்தவரை அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. குவைத்தில் வெயில் எப்படி, வேலை எப்படி என்று உன்னை விசாரிக்க வேண்டியதை எல்லாம் கடைசியில் விசாரிக்கிறேன். ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். ஃபோனை மூன்று நாளாக அணைத்து வைத்திருக்கிறேன். அதைத் திறந்தால் உன்னிடம் பேசுவதற்கு முன் நாற்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். கோட்டாற்றில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் மைதீன் கனி ஞாயிற்றுக்கிழமை அங்கே மகள் ஃபாஸிலா வீட்டுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு கிலோ ஏத்தங்காய் சிப்ஸையும் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நீ எனக்குத் தொடங்கிக் கொடுத்த வலைப்பதிவை உடனே மூடிவிட வேண்டும். எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. திறந்தவன் நீ, மூட வேண்டியவனும் நீதான்.

நீ என் நன்மைக்குத்தான் செய்தாய், அதை நான் மறுக்கவில்லை. கடற்கரைப் பக்கம் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, பகல் முழுக்க முத்துக்கனிக்குச் சமையல் யோசனை சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை என்று பார்த்துத்தான், போன வருஷம் லீவுக்கு வந்தபோது நீ அந்தப் பக்கத்தை உண்டாக்கினாய். வாசிக்கிறவர்களுக்குப் பயன் இருக்க வேண்டும், பயன் இருந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் விளம்பரம் வரும், விளம்பரம் வந்தால் பணம் வரும் என்று நீ விரல் மடக்கிச் சொன்னதை நான் டைரியில் எழுதி வைத்தேன். என்ன பயன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே மன அமைதிக்கு ஏழு வழிகள் எழுதினேன். மூன்று பேர் வாசித்ததாகக் காட்டியது. அதில் ஒருவன் நீ, மற்ற இரண்டும் நான். அடுத்து ஓய்வூதியர்களும் உறக்கமும் என்று எழுதினேன். அதற்கு நீயும் வரவில்லை.

அப்புறம் ஒரு மழை நாளில் கோபத்தில் நாலு வரி எழுதினேன். கொட்டாரத்திலிருந்து நாகர்கோவில் போக வேண்டிய காலை 5.10 வண்டியை யாருக்கும் சொல்லாமல் 5.25 ஆக்கிவிட்டார்கள், குடையோடு கால் மணி நேரம் நின்றேன் என்று எழுதினேன். சாயங்காலம் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாசித்திருக்கிறார்கள். கீழே ஒருவர் நன்றி சொல்லி, குளச்சல் வண்டி நேரமும் தெரியுமா என்று கேட்டிருந்தார். முப்பது வருஷம் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போன எனக்குத் தெரியாதா? எழுதினேன். அவருக்குப் பிறகு திங்கள்நகர் கேட்டார்கள், தேங்காய்ப்பட்டணம் கேட்டார்கள், மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழாவுக்கு விடுகிற சிறப்பு வண்டிகளைக் கேட்டார்கள். நான் எழுத எழுத ஆள் கூடியது. ஆறு மாதத்தில் தினம் நாலாயிரம் பேர். ஒரு நாள் வங்கிக் கணக்கில் எட்டாயிரத்துச் சொச்சம் வந்து விழுந்தது. முத்துக்கனியிடம் காட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை. பஸ் எப்போது வரும் என்று சொன்னதற்கு யாராவது பணம் தருவார்களா, இதில் ஏதோ களவு இருக்கிறது, போலீஸ் வந்தால் நான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். எனக்கும் அன்று முதல் நிம்மதி போயிற்று. பணம் வாங்கிவிட்டோம், இனி ஒரு நிமிஷம்கூடத் தப்பக்கூடாது என்று தோன்றியது.

ஆகவே நேரில் போய்ச் சரிபார்க்கத் தொடங்கினேன். குடை, நோட்டு, கைக்கடிகாரம் சகிதம் ஒவ்வொரு நிறுத்தமாக நின்றேன். இதில் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. நோட்டோடு ஒருவர் தினமும் நிற்பதைப் பார்த்த ஓட்டுநர்கள் என்னை மேலிடத்திலிருந்து வந்த பரிசோதகர் என்று நினைத்துவிட்டார்கள். ஏழு நிமிஷம் தாமதமாகவே வந்து பழகிய வண்டிகள் எல்லாம் மணி அடித்தாற்போல் வர ஆரம்பித்தன. ஏழு நிமிஷம் தாமதமாகவே வந்து பழகிய பயணிகள் எல்லாம் வண்டியைத் தவறவிட்டார்கள். அவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். வண்டி சரியான நேரத்துக்கு வந்ததற்காக ஒரு மனிதனைத் திட்டுவார்கள் என்று நான் அதுவரை அறிந்ததில்லை. போதாக்குறைக்கு, கடிதத்தில் முகவரி எழுதுவதுபோல ஒவ்வொரு பதிவின் கீழும் என் ஃபோன் எண்ணைப் போட்டு வைத்திருந்தேன். அதிகாலை நாலரைக்கே அழைப்பார்கள். சன்னல் ஓர இருக்கை கிடைக்குமா என்பார் ஒருவர். கோட்டாற்றில் இப்போது மழையா என்பார் இன்னொருவர். ஒரு அம்மா, நான் இப்பத்தான் குளிக்கப் போறேன், வண்டிய கொஞ்சம் பிடிச்சு வையுங்க என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவில் போகும் காலை வண்டி 6.10. அது எனக்கு என் பெயரைப்போலத் தெரியும். ஞாயிறு ராத்திரி அந்தப் பக்கத்து நேரங்களைப் புதுப்பித்துப் போட்டேன். கண்ணாடி துடைக்காமல் இருந்திருக்கும், அல்லது விரல் தடித்திருக்கும். ஃபோனில் எண்களைப் பார், 1-க்கு நேர் கீழே 4. நான் 6.40 என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலை ஆறே முக்காலுக்கு அழைப்பு. பெண் குரல். என் பெயர் ஓமனா என்று தொடங்கி, பைய, மரியாதையாகப் பேசினார்.

“சாறே, இன்னைக்கு நாரோயில் வண்டி வராதா? வரும்னா நிக்கோம். இவியளுக்கு நிக்க முடியல்ல, அதாக்கும் கேட்டேன்.”

இவியள் என்றது அவர் புருஷன் ஜெபதாஸை. கொத்தனார் வேலை பார்த்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு வாரம் மூன்று நாள் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். எட்டு மணிக்குக் கட்டிலில் படுத்தாக வேண்டும். பிந்தினால் அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் பக்கத்தைப் பார்த்து, அன்று அரை மணி நேரம் கூடுதலாக அவரைத் தூங்கவிட்டுக் கூட்டி வந்திருக்கிறார். வண்டி ஆறு பத்துக்கே போய்விட்டது. அடுத்தது ஏழே முக்காலுக்கு. அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. வண்டி போயிட்டும்மா, நான் தப்பா எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கே கொட்டாரம், எங்கே மண்டைக்காடு. என் ஸ்கூட்டரில் புறப்பட்டால் நான் போய்ச் சேரவே எட்டாகும்.

முத்துக்கனி அடுக்களையிலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன்.

“இங்க இருந்து வேர்த்தா அங்க வண்டி வருமா?” என்றாள். “நீங்க எழுதியத நாலாயிரம் பேரு வாசிக்கியாவல்லா. அதுல ஒருத்தங்கிட்டயா வண்டி இல்ல? அவியகிட்ட கேளுங்க.”

கேட்டேன். நான் வழக்கமாக எழுதும் வணக்கமும் முன்னுரையும் இல்லாமல் மூன்றே வரி போட்டேன். மண்டைக்காடு நிறுத்தத்தில் ஜெபதாஸ் என்ற நோயாளி நிற்கிறார், எட்டுக்குள் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், 6.40 என்று போட்ட பிழை என்னுடையது. அந்த நேரத்தில்தான் பஸ் பார்க்கிறவர்கள் எல்லாம் என் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். பத்து நிமிஷத்தில் முதலில் வந்தது, குளச்சலிலிருந்து சாளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன பிரதீஷ் என்பவரின் மீன் வண்டி. பின்னாலேயே இரண்டு கார், ஓர் ஆட்டோ, கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றிப்போன வேன் ஒன்று. நோயாளியை யார் ஏற்றுவது என்று அவர்களுக்குள் தர்க்கம். காரில் ஏசி இருக்கிறது என்று ஒருவர். நான்தான் முதலில் வந்தேன் என்று பிரதீஷ். முதலில் வந்தவர் மனம் நோகக்கூடாது என்று அந்த ஜெபதாஸ், நிற்க முடியாத மனிதர், மீன் வண்டியின் முன் இருக்கையில் ஏறியிருக்கிறார். என் நேரத்தை நம்பி அங்கே நின்ற, ஓமனா உட்பட மற்ற பதினோரு பேரும் மிச்ச வண்டிகளில் ஏறிக்கொண்டார்கள். ஏழு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல். உள்ளே விடுவதற்கு முன் நர்ஸ் இரண்டு தடவை அவருக்குக் கை கால் கழுவிவிட்டாராம். ஆனால் எட்டுக்குக் கட்டிலில் படுத்துவிட்டார். இதை ஓமனா எட்டே காலுக்கு அழைத்துச் சொன்ன பிறகுதான் நான் பல் தேய்த்தேன்.

நல்லபடியாகத்தானே முடிந்தது என்று நீ சொல்வாய். கேள். அன்று சாயங்காலம் பக்கத்தைத் திறந்தேன். முப்பத்தோராயிரம் பேர் வந்திருக்கிறார்கள். அந்த மூன்று வரியை ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். முந்தின மாதம் முழுக்கச் சரியாக எழுதிச் சம்பாதித்ததைவிட, அந்த ஒரு நாள் தப்பாக எழுதியதற்கு அதிகம் சேர்ந்திருந்தது. ஒரு நோயாளி ரோட்டில் நின்றதற்கு எனக்குக் கூலியா? அது கைக்கு வர மாதம் ஆகும். அதனால் ஓய்வூதியத்திலிருந்து அதே தொகையை எடுத்துக் கவரில் போட்டு, மறுநாள் மண்டைக்காடு போனேன். தேடி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஜெபதாஸ் கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்த மனிதர், கை மட்டும் இன்னும் கொத்தனார் கை. கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“சாறே, இத நான் வாங்கினா ரெண்டு நாளு ஆட்டோவுக்குக் காணும்,” என்றார். “அதுக்கப்புறம் நான் பஸ்ஸுக்குத்தானே நிக்கணும். நீங்க நேரத்த எழுதுங்க. அது எனக்கு எப்பவும் காணும்.”

எவ்வளவு நல்ல வார்த்தை. ஆனால் அதைக் கேட்டபின் எனக்கு ஒரு எண்ணைக்கூட அழுத்தத் தைரியம் வரவில்லை மருமகனே. 5.25 என்று போடப்போனால் அதன் கீழ் யாரோ ஒரு ஓமனா நிற்பதுபோல் தெரிகிறது. வீட்டுக்கு வந்ததும், வண்டி 6.10தான், 6.40 என் தவறு என்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் போட்டேன். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வோர் எண்ணையும் முத்துக்கனியை விட்டு வாசிக்கச் சொன்னேன். ஆனால் ஃபோன் ஓயவில்லை. பஸ் கேட்டவர்கள் இப்போது கார் கேட்கிறார்கள். ஏசி கார் எத்தனை மணிக்கு வரும், பாத்திர வேன் திங்கள்நகர் வழியாகப் போகுமா என்கிறார்கள். பெர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றியதற்காக என்மேல் வழக்கு வருமா, ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா, பிரதீஷின் மீன் பிந்திப் போய் விலை குறைந்திருந்தால் அதை யார் கொடுப்பது என்று யோசித்து யோசித்து எனக்கு ஒரே வெப்ராளம், பதற்றம். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஃபோனை அணைத்தேன். பயன் பயன் என்றாயே, பயன்படுவது இவ்வளவு பயமான காரியம் என்று நீ அன்று விரல் மடக்கும்போது ஒரு விரலிலாவது சொல்லியிருக்கலாம். மன அமைதிக்கு ஏழு வழிகளை எழுதிக்கொண்டே இருந்திருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

ஆகவே கடிதம் கண்டதும் மூடிவிடு. தயங்காதே. எனக்காக வருத்தப்படாதே. அங்கே வெயிலில் அதிகம் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, உன் அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது பேசு. நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயித்து, நல்ல இடத்தில் கல்யாணமும் அமைந்து, நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் மாமியும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
தி. குமாரதாஸ்.

பின்குறிப்பு, சனிக்கிழமை காலை: மூடாதே. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஓமனா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஃபோன் எடுக்கவில்லை என்று, என் பக்கத்தில் நேரம் பார்த்து இரண்டு பஸ் மாறி, ஊரில் விசாரித்து வந்திருக்கிறார். அன்று நின்ற பன்னிரண்டு பேரும் அங்கே நிற்கும்போதே பேசிக்கொண்டார்களாம், உண்மையிலேயே ஆறு நாற்பதுதான் எல்லோருக்கும் வசதி என்று. ஆறு பத்துக்குப் போனால் ஜெபதாஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் முக்கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டியதிருக்கும், கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கடை திறந்திருக்காது. நூற்று எழுபது கையெழுத்து வாங்கி பஸ் டிப்போவில் மனு கொடுத்திருக்கிறார்கள், அங்கேயும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். வரும் திங்கட்கிழமையிலிருந்து வண்டி 6.40. ஆக, நான் மூன்று மன்னிப்போடு போட்ட திருத்தம்தான் இப்போது தப்பு. நாளை மறுநாள் காலைக்குள் அதை மாற்றாவிட்டால் எத்தனை பேர் அரை மணி நேரம் நிற்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் படபடக்கிறது. மைதீன் கனி கடிதம் வாங்க வந்து உட்கார்ந்திருக்கிறார், நான் ஃபோனைத் திறந்துவிட்டேன். ஓமனா நேரத்தைச் சொல்கிறார், முத்துக்கனி கண்ணாடி போட்டுக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நாலை அழுத்துங்க, அதுக்கு மேல உள்ளதத் தொடாதீங்க என்கிறாள்.