இருபது மடங்காரின் தூரக்கண்ணாடி

அச்சில் வந்த எழுத்தை இருபது மடங்காரைப் போல நம்பிய மனிதர் கிழக்கு மாகாணத்தில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. காகிதத்தில் மை பட்டுவிட்டால் அவருக்கு அது வேதம். வழுக்கைத் தலையில் கூந்தல் வளர்க்கும் என்று விளம்பரம் சொன்ன தைலத்தைத் தடவத் தொடங்கிய மறுநாளே சீப்பு வாங்கி வந்தார். "முடி இன்னும் வரேல்லையே, அண்ணை?" என்றேன். "முடி வரும், தம்பி. சண்டைக் காலம், சீப்புத்தான் பிறகு கிடையாமல் போகும்," என்றார்.

இரண்டாம் உலக யுத்த காலத்துத் திருகோணமலை. துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள், ஊர் நிறையக் கட்டுப்பாடுகள். நானும் அவரும் துறைமுகக் கந்தோரில், கயிறும் பெயின்ற்றும் வைக்கும் களஞ்சியத்தில் கிளாக்குகள். மீன் சந்தைக்கு எதிரே கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் ஒரே அறையில் குடியிருந்தோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு பார்சல் வந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் 'இருபது மடங்கார்'.

பார்சலுக்கு வித்திட்டது ஒரு வாரப் பத்திரிகையின் பின்னட்டை. "இருபது மடங்கு பெரிதாக்கும் அதிசயத் தூரக்கண்ணாடி! இருபத்தைந்து மைல் வரை தெரியும்! அசல் ராணுவ மாதிரி!" பிரித்துப் பார்த்தால் இரண்டு தகரக் குழாய்கள், நடுவில் ஒரு திருகாணி, மேலே கறுப்புப் பெயின்ற். ஒரு குழாயின் உட்புறத்தில் பழைய பிஸ்கற் பேணியின் படத்தில் பாதி ஒட்டியிருந்தது.

நான் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். சந்தைக் கூரையில் இருந்த காகம் ஒரு சேவல் அளவுக்குக் கொழுத்திருந்தது. அவ்வளவுதான்.

"அண்ணை, இது இருபது மடங்கு காட்டேல்லை."

"காட்டுது, தம்பி. நீர் கண்டது காகம் இல்லை. அது ஒரு தும்பி. கண்ணாடி அதைக் காகமாக்கிக் காட்டுது."

அன்று தொடங்கியது அவருடைய கணக்கு. கண்ணாடியில் தெரியும் உருவத்தை இருபதால் வகுப்பார். தூரத்தை இருபதால் பெருக்குவார். நானாவின் கடா ஆடு அந்தக் கணக்கில் எலியாயிற்று. மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டு, பட்டு வேட்டியோடு இருவரும் துறைக்குப் போனோம். மூதூர் போகும் லோஞ்ச் படகு கரையில் நின்றது. மடங்கார் கண்ணாடியைத் தூக்கினார், கணக்குப் போட்டு உதட்டை அசைத்தார், இறக்கினார்.

"லோஞ்ச் இன்னும் நடுக்கடலில நிக்குது. வாரும், தேத்தண்ணி குடிப்பம்."

"அண்ணை, அதில ஏறிற ஆக்களின்ர மீசை எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுது!"

"அதுதான் சொல்லுறன், வெறுங்கண்ணை நம்பக்கூடாது."

தேத்தண்ணி நன்றாக இருந்தது. கலியாணச் சாப்பாடும் நன்றாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

போர்க்கப்பல்கள் நிற்கும் ஊரில் இப்படி ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது என்று நான் சொல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா மூச்சிரைக்க மாடிக்கு ஓடி வந்தார்.

"தம்பி! ஒங்கட மடங்கார நேவிக்காரன் பிடிச்சிக்கிட்டுப் போறான்! கப்பலை வேவு பார்த்தாராம்!"

வேவு பார்த்தவனுக்கு அந்த நாளில் என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நானாவும் நானும் துறைமுகத்து நேவிக் காவலறைக்கு ஓடினோம்.

அங்கே சிவந்த முகத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். மேசையில் தூரக்கண்ணாடி. பக்கத்தில், மடங்கார் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்த அந்த விளம்பரத் துண்டு. அதை மடங்காரே ஆங்கிலத்தில் பெருமையாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். "ராணுவ மாதிரி, சேர். இருபத்தைந்து மைல், சேர்." ஒவ்வொரு சொல்லும் அவர் கழுத்துக்கு ஒரு சுற்றுக் கயிறு.

அதிகாரி கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது விளையாட்டுச் சாமான். நீளம் நாலரை மடங்குதான் கூடும். அகலமும் நாலரை. இரண்டையும் பெருக்கி இருபது என்று போட்டிருக்கிறான், கள்ளன்."

"அகலத்தை ஏன் சேர் விடவேணும்? அதுவும் பெருக்குதுதானே?" என்றார் மடங்கார்.

அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "இதில் ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல். வீட்டுக்குப் போகலாம்."

நான் அவர் காலை மிதித்தேன். "சொல்லிப் போடுங்க, மடங்கார்," என்று நானா கெஞ்சினார்.

மடங்கார் நிமிர்ந்து நின்றார். "ஏலாது, சேர். எனக்கு எல்லாம் தெரியுது."

அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. மடங்காரை விறாந்தைக்கு இழுத்துப் போனார். எதிரே துறைமுகத்திலேயே பெரிய போர்க்கப்பல், பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. "இது என்ன? சொல்!"

மடங்கார் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். உதடு அசைந்தது.

"ஒரு வள்ளம், சேர். சல்லி ஊர்ப் பக்கத்து ஆக்களின்ர போலக் கிடக்கு. ரெண்டு பேர் வலை இழுக்கினம்."

"பீரங்கி?"

"அது தூண்டில் தடி, சேர்."

அதிகாரி ஒரு கதிரையில் சரிந்து உட்கார்ந்து, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். பிறகு காவலர்களிடம் சொன்னார்: "விட்டுவிடுங்கள். இந்த மனிதர் எதிரிக்குத் தகவல் அனுப்பினால் நாம் யுத்தத்தில் வென்றுவிடுவோம். கண்ணாடியையும் கொடுத்துவிடுங்கள்."

திரும்பி வரும்போது மடங்காரின் முகம் வாடியிருந்தது. "படிச்ச மனிசன். வகுக்கத் தெரியேல்லை, பாவம்."

எனக்குக் கோபம் வந்தது. "உயிர் போகப் பார்த்தது, அண்ணை! அந்த விளம்பரம் பொய் எண்டு ஒரு சொல் சொன்னால் என்ன?"

அவர் நடையை நிறுத்தினார். "ஒருத்தன் தெரிஞ்சுகொண்டே பொய்யை அச்சடிப்பான் எண்டு நினைச்சால், பிறகு நான் எப்பிடித் தம்பி காலமை பேப்பர் வாசிக்கிறது?"

அதன்பின் ஒரு காலையில் உண்மையாகவே ஜப்பான்காரனின் பிளேன்கள் வந்து குண்டு போட்டன. ஊர் முழுவதும் வண்டியும் சைக்கிளும் கோழிக்கூடுமாக உள்நாட்டுப் பக்கம் ஓடியது. நெரிசலில் நான் மடங்காரைத் தவறவிட்டேன். பாலையூற்றுப் பக்கம் கால் பிசகி, தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்க, எதிர்த்திசையில் ஒருவர் மட்டும் சனத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் புழுதி. என் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்திருந்தது.

"எங்கையிருந்து வாறியள், அண்ணை?"

"கந்தளாய் றோட்டால கனதூரம் போயிட்டன். திரும்பிப் பார்த்தால் உம்மைக் காணேல்லை."

"பிளேன் திரும்பவும் வந்தாலும் வரும். நீங்கள் போயிருக்கலாமே."

"விசர்க்கதை கதையாமல் எழும்பும்," என்று குனிந்து தோளைக் கொடுத்தார்.

அந்தத் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தேன். கால் உயிர் போக வலித்தது. இருந்தாலும் அந்த வழி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.