பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரும் பதினோரு சத்தங்களும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன், வாகன சோதனைக் கூடத்தில் பிரேக் பிரிவு இன்ஜினியர், வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர மற்றபடி சுகம். எனக்கு உங்கள் கடிதம் தவிர மற்றபடி சுகம். அத்தையின் உடம்பையும் உங்கள் ரத்த அழுத்தத்தையும் நான் முறைப்படி விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

"வெள்ளிக்கிழமைக்குள் டிராயிங் மாஸ்டரிடம் எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்கவும். இல்லையென்றால் அவர் மகளை மறந்துவிடவும். வேளாவேளைக்குச் சாப்பிடவும்." மூன்று வரி. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், விடையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், வழிமுறையைக் காணோம். போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் போனைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவீர்கள், அத்தைதான் பாவம் "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போடும் பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்.

முதலில் ஒன்று. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதிக்கிற வேலை பார்க்கிறாள், நான் பேசும்போது பாதியில் குறுக்கிடுவதில்லை, நான் பேசியது தப்பு என்றால் முழுவதையும் கேட்டுவிட்டுத் தப்பு என்கிறாள். இப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. ஆகவே எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுத முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் தடவை நீங்களும் அத்தையும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோமே, அன்றைக்கு நடந்ததை நீங்கள் அம்மாவிடம் சொன்ன விதம் சரியில்லை. நானாக எதையும் ஆரம்பிக்கவில்லை. மாஸ்டர்தான் டீ வந்ததும் அந்த ஆல்பத்தை எடுத்துவந்தார். அவருடைய ஜப்பான் கார் கம்பெனியின் சரித்திரம், பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து ஒட்டியது, ஓரமெல்லாம் அவரே கலர் பென்சிலில் கொடி வரைந்தது. கம்பெனியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இந்தக் கடிதம் கைமாறினால் அவருடைய உரிமையாளர் சங்கம் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கும், அதுவும் ஹாரன் வேலை செய்கிற மூன்று பேர் மட்டும். ஐம்பது நிமிஷம் சொன்னார் மாமா. நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினீர்கள், எனக்கு அந்த வித்தை வராது, எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்தேன். அலமாரிக்குக் கீலும் தாழ்ப்பாளும் செய்த அண்ணன் தம்பி இரண்டு பேர். கீலைக் கடைகளுக்குக் கொண்டுபோக ஒரு தள்ளுவண்டியில் தம்பி இன்ஜினைப் பொருத்தினார். ஊரார் கீல் வேண்டாம், வண்டியைக் கொடு என்றார்கள். கொடுத்தார்கள். இரண்டாவது வருஷம் மழை வந்தபோது கூரை போட்டார்கள். ஏழாவது வருஷம் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் கால் இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். நடுவில் ஒருதரம் பணக்காரர்களுக்கு ஒரு சொகுசு வண்டி செய்து, அதை ஒருத்தரும் சீண்டாமல் போகவே, அதிலிருந்து மிஞ்சிய சிகரெட் சாம்பல் கிண்ணங்களை அடுத்த இருபது வருஷம் எல்லா வண்டியிலும் வைத்துத் தீர்த்தார்கள். விளம்பர வாசகம் ஒன்றே ஒன்று, "போய்ச் சேரும்." எப்போது என்று எழுதவில்லை. இதையெல்லாம் மாஸ்டர் ஏதோ பேரரசு எழுந்த கதைபோல் சொல்லிவிட்டு, வண்டியில் உள்ள ஒவ்வொரு போல்ட்டும் ஒரே அளவு, பன்னிரண்டாம் நம்பர், ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் கழற்றி மாட்டலாம் என்றார். அது நல்ல யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் பாராட்டலாம் என்றுகூட வாயைத் திறந்தேன்.

அப்போது அவரே கேட்டார்: "தம்பி இன்ஜினியராச்சே, மனசுல பட்டதைச் சொல்லுங்க. வண்டி எப்படி?"

மனதில் பட்டதைச் சொல் என்றால் நான் என்ன செய்வேன்? "கதவு பிரமாதம் சார். கீல் செஞ்சவங்கதானே. மத்த சாமானெல்லாம் கதவைத் தாங்கறதுக்காக வச்சிருக்காங்க" என்றேன். நீங்கள் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தீர்கள். அது என் கால் இல்லை, மாஸ்டர் மனைவியின் கால், அதை அந்த அம்மாள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "வேகம்?" என்றார். "எழுபதைத் தொடாது சார். தொட்டா எல்லாம் தனித்தனியா போய்ச் சேரும்" என்றேன். இதில் எந்த வார்த்தை பொய்?

இருந்தாலும் நான் நியாயமானவன். ஒரு வண்டியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அதே வண்டி வைத்திருக்கிற மூன்று பேரைத் தேடிப்போய் விசாரித்தேன். பல் டாக்டர் ஒருவர், பதினான்கு வருஷமாக பானெட்டைத் திறந்ததே இல்லையாம். "திறந்தா என்னமோ போயிடும்னு பயமா இருக்கு" என்கிறார். இதைச் சொல்கிறவர் தினமும் இருபது பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவர். ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் ஆறு வண்டி வாங்கி, இரண்டைப் பிரித்து அந்தச் சாமானில் நான்கை ஓட்டுகிறார். போல்ட் எல்லாம் ஒரே அளவு என்பதால் எது எதில் மாட்டியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது, ஒன்றில் கியர் மாற்றினால் வைப்பர் ஆடுகிறது. ஒரு நீச்சல் பயிற்சியாளர், மழைக்காலத்தில் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கிறதாம், "பழகின இடம்தானே" என்று சிரிக்கிறார். மூன்று பேரும் ஆளுக்கு அரைமணி நேரம் அந்தக் கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சரி, வித்துட்டு வேற வாங்குங்களேன் என்றேன். அவ்வளவுதான் மாமா. டிரைவிங் ஸ்கூல்காரர் "உங்க வீட்ல வயசானவங்களை இப்படித்தான் பேசுவீங்களா?" என்றார். பல் டாக்டர் எனக்கு வலிக்காத பல்லையே தட்டிப் பார்த்து, "இதையும் எடுத்துடலாமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இவர்கள் திட்டலாம், நாம் ஆமாம் என்று சொல்லக் கூடாது. இதற்குப் பெயர் வாகனம் இல்லை, சொந்தக்காரர்.

அடுத்து நீங்கள் குற்றம் என்று சொல்கிற விஷயம். "டேய், போய் அவருக்கு ஏதாவது ஒத்தாசை பண்ணு, மனசு இளகும்" என்று சொன்னது யார்? நீங்கள். போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மாஸ்டர் நூலகத்துக்குப் போயிருந்த நேரம். வண்டியில் என்ன குறை என்று கேட்டேன். அவள் "குறைன்னு சொல்ல முடியாது, கொஞ்சம் பேசும்" என்றாள். கொஞ்சமா! அவள் ஓட்ட நான் பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தமாகத் தேடிப் பிடித்தேன். டேஷ்போர்டில் ஒரு கிடுகிடு. "இப்ப முப்பது" என்றாள். பின்சீட்டுக்கு அடியில் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் ஒன்று. "நாப்பத்தஞ்சு." இடதுபக்கக் கண்ணாடி அழ ஆரம்பித்தது. "அறுபது. இதுக்கு மேல அம்மா சத்தம் போடுவாங்க." மீட்டரைப் பார்க்காமலேயே சொன்னாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மொத்தம் பதினோரு சத்தம். ஒன்றுவிடாமல் முறுக்கினேன், பஞ்சு வைத்தேன், ரப்பர் வைத்தேன், நான்கு மணி நேரம். கடைசியில் வண்டியை ஓட்டிப் பார்த்தால் இழுத்துவிட்ட மூச்சுக்கூடக் கேட்கிறது. அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. அப்பா ஓட்டட்டும், பார்க்கலாம்" என்றாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். படித்தவன், ஆறு வருஷ அனுபவம் உள்ளவன், அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் மாஸ்டர் சொன்னபடிதான் தெரியும். அந்த வண்டியின் ஸ்பீடாமீட்டர் ஒன்பது வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது. அவர் காதால் ஓட்டுகிறார் மாமா. கிடுகிடு என்றால் முப்பது, நறநற என்றால் நாற்பத்தைந்து, கண்ணாடி அழுதால் அறுபது, மனைவி கத்தினால் போதும். நான் எல்லாவற்றையும் அடக்கிவிட்டேன். மனுஷன் ஊருக்கு வெளியே உள்ள பெரிய சாலையில் ஏறியிருக்கிறார், கிடுகிடுவைக் காணோம் என்று மிதித்திருக்கிறார், நறநறவைக் காணோம் என்று இன்னும் மிதித்திருக்கிறார். அந்த அம்மாள், "என்னங்க, இன்னிக்கு மரமெல்லாம் இவ்வளவு அவசரமா போகுது?" என்று கேட்டதற்கு, "காத்து அடிக்குது, நாம இன்னும் முப்பதே வரலை" என்றாராம். போலீஸ் நிறுத்தியது. அறுபதுக்கு மேல் போகக் கூடாத சாலையில் எழுபத்தெட்டு. நாற்பது வருஷத்தில் முதல் தடவை. "உங்க மருமகன் என் வண்டியை ஊமையாக்கிட்டான், என்னைக் குற்றவாளி ஆக்கிட்டான்" என்று அவர் உங்களிடம் சொன்னதும் நீங்கள் மூன்று வரி எழுதிவிட்டீர்கள்.

என் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. மீட்டர் ஓடுகிறதா என்று நான் பார்க்கவில்லை. சோதனைக் கூடத்தில் முதல் நாள் காலை சொல்லித் தருவதே அதைத்தான். அது எனக்கும் என் வேலைக்கும் நடுவில் உள்ள விஷயம். ஆனால் சத்தத்தை நிறுத்தியதற்காக ஒரு இன்ஜினியர் மன்னிப்புக் கேட்டால் நாளைக்குக் காய்ச்சலை இறக்கியதற்காக டாக்டர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வண்டி எழுபதைத் தொடாது என்று நான் சொன்னதற்கும் மன்னிப்புக் கிடையாது. போலீஸ் மெஷினில் கோளாறு இருந்திருக்கும். எழுத மாட்டேன். இதனால் அவள் எனக்குக் கிடைக்காமல் போனால் போகட்டும் என்று எழுத வந்தேன், பேனா எழுத மாட்டேன் என்கிறது, அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றபடி என் முடிவில் மாற்றமில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுப் பூனைக்கு விசாரிப்பு. பெரியவர் என்ற முறையில் உங்கள் ஆசீர்வாதத்தை நீங்கள் கோபம் தணிந்த பிறகு அனுப்பினால் போதும், அவசரமில்லை.

இப்படிக்கு,
கொள்கையை விட்டுக்கொடுக்காத
உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி எழுத நேரமில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியவன், எழுத மாட்டேன் என்பதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாமே என்று மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் அவர் பரிசு வாங்கிய மலை ஓவியம் இருந்த இடத்தில் போலீஸ் கொடுத்த சீட்டு தொங்குகிறது. அவரே சட்டம் போட்டு, ஓரத்தில் கொடி வரைந்து, எழுபத்தெட்டுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். "எழுபதைத் தொடாதுன்னீங்களே தம்பி, அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கு, பாருங்க" என்றார். "சார், அந்த மெஷின்ல ரெண்டு கிலோமீட்டர் கூடக்குறைய காட்டும்" என்றேன். "அப்ப எண்பதுங்கிறீங்களா?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை விட்டதும் அவருடைய டிராயிங் பேப்பரில், இந்த வண்டியின் வேகத்தை நான் தவறாகக் கணித்துவிட்டேன், வருந்துகிறேன் என்று எழுதி, பதவியோடு கையெழுத்துப் போட்டேன். அதையும் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

மீட்டரை மாற்றித் தருகிறேன் என்றேன். "முள்ளைப் பார்த்துட்டிருந்தா ரோட்டை யார் பார்க்கிறது?" என்றார். ஆகவே இரண்டு நாளாகச் சத்தங்களைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தத்தை எடுப்பது வேலையே இல்லை மாமா, சரியாக நாற்பத்தைந்தில் நறநறக்க வைப்பதுதான் இன்ஜினியரிங். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கால் சுத்து லூஸ் பண்ணுங்க" என்கிறாள். ஒன்பது வந்துவிட்டது. மீதி இரண்டைத் தன் அம்மா பார்த்துக்கொள்வார்கள் என்றாள். மீட்டர் செத்த விஷயத்தை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே. நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே. அதான் எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்த்தேன்" என்றாள். முழுவதும் கேட்டுக்கொண்டேன். தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

இன்று மத்தியானம் மாஸ்டர் என் கையில் அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்து, "வீட்டுக்கு ஒண்ணு போதும், ரெண்டு வீடாச்சுன்னா ரெண்டு வேணும், நான் வேற வாங்கிக்கிறேன்" என்றார். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டாம் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள், பல் டாக்டர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஏனென்றால் மாஸ்டர் சிபாரிசில் அவர் தன் வண்டியை எனக்கு விலைக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். சற்றுமுன் போய்ப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். டப். ஒரே ஒரு டப். ஆறு வருஷத்தில் எந்த வண்டியும் எனக்கு அப்படி மூடிக்கொண்டதில்லை மாமா. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. பிரேக்கைக்கூட.