மூத்த குழந்தை

குழந்தைகளை உள்ளபடி அறிந்த நிறுவனம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நான்காவது மாடியில் இருக்கிறது. மாடிப்படி செங்குத்தாக இருப்பதாலும், லிப்ட் கதவு விரலை நசுக்கிவிடலாம் என்பதாலும், குழந்தைகளின் நலன் கருதி அங்கே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

இதைக் கேட்டு யாரும் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். குழந்தைப் பாட்டும் படக்கதையும் வெளியிடும் அந்தப் பதிப்பகம், குழந்தையின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியைக்கூட அச்சேற்றியதில்லை. அதற்காகவே திருத்தக் குழுவில் 'குழந்தை' என்று ஒரு பதவி இருக்கிறது. பதிப்பகம் தொடங்கிய காலத்தில், கணக்கரின் ஏழு வயது மகனைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எந்த வயதில் சேர்க்கலாம் என்று விதிகளில் விளக்கமாக எழுதியவர்கள், எந்த வயதில் விலக வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள். அதுவும் நல்லதாகவே போயிற்று. அனுபவமில்லாத புதுக் குழந்தைகளை நம்பியா ஒரு நிறுவனத்தை நடத்துவது?

குழந்தைக்கு இப்போது மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. மூட்டுவலியும் உண்டு. இருந்தாலும் மரபை விட்டுக்கொடுக்காமல் அதே குட்டி நாற்காலியில்தான் உட்காருவார். முழங்கால் முகவாயை இடிக்கும். மற்றவர்களுக்கு டீ வரும்போது அவருக்குப் பால் வரும். போன வருடம் பதவி உயர்வு பெற்று 'மூத்த குழந்தை' ஆனார். வீட்டில் அவர் மனைவி அந்த உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, அரிசி களைய உள்ளே போனாள்.

அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள். பதவி எதுவும் இல்லாத சாதாரணக் குழந்தை. இருட்டென்றால் அவளுக்கு உயிரே போய்விடும். தன் கட்டிலில் தனியாகப் படுக்கவே மாட்டாள். ஒரு நாள், குழுவின் பரிசீலனைக்கு வந்த பாட்டு ஒன்றை அவர் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். விதிப்படி அது பெரும் குற்றம். ஆனாலும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்.

கட்டிலுக்கு அடியிலே
குட்டி முதலை தூங்குது!
கொட்டாவி ஒண்ணு விட்டதும்
கட்டில் ஆட்டம் போடுது!
தொட்டுப் பார்த்தேன் வாலைத்தான்,
துள்ளி எழுந்து அழுதது;
விட்டத்தில் ஏதோ தெரியுதாம்,
விளக்கைப் போடச் சொன்னது!

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யய்யோ, முதலைக்கே பயமாப்பா?" என்று கேட்டுக் கேட்டு மறுபடி படிக்கவைத்தாள். அன்று முதல் தானாகவே போய்ப் படுத்தாள். படுப்பதற்கு முன் கட்டிலுக்கு அடியில் குனிந்து, "பயப்படாத, நான் மேலதான் இருக்கேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் படுப்பாள்.

"புக்கு வந்ததும் எனக்குத்தான் முதல்ல தரணும். முதலை படத்தோட. சரியா?"

"சத்தியமா தர்றேன்டா கண்ணு" என்று அப்பா அவள் தலையில் கை வைத்துச் சொன்னார்.

அடுத்த வாரம் திருத்தக் குழு கூடியது. ஒரு திருத்தமும் சொல்லாதவர் கூட்டத்துக்கு வராதவராகக் கருதப்படுவார் என்பது அங்கே விதி. எனவே பாட்டைக் கொடுத்த கையோடு எல்லோரும் பென்சிலைச் சீவிக்கொண்டார்கள். பாட்டை எழுதிய கவிஞர், ஒரு இளம்பெண், மேசைக் கோடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"இந்த முதலைக்கு அப்பா அம்மா இல்லையா?" என்று ஆரம்பித்தார் மனநல ஆலோசகர். "யாருமே இல்லாம கட்டிலுக்கு அடியில தனியா படுத்திருக்கே. படிக்கிற குழந்தை ஏங்கிப் போயிடாதா?"

"அட்டையில முதலையைப் போட்டா பல்லு தெரியும்" என்றார் விற்பனை மேலாளர். "பல்லு தெரிஞ்சா பெத்தவங்க வாங்க மாட்டாங்க. பல்லை எடுத்துடலாமா?"

"கொட்டாவி விடும்போது வாயைக் கையால மூடலையே" என்றார் தலைமைப் பதிப்பாசிரியை. முப்பது வருடமாகக் குழந்தைகளின் ஒழுக்கத்தை எட்டத்தில் இருந்தே காத்து வருபவர் அவர்.

கவிஞர் தயங்கினார். "முதலைக்குக் கை வாய் வரைக்கும் எட்டாதுங்க."

"அப்போ கை எட்டுற பிராணியா பார்த்துப் போடுங்களேன்."

"வாலைத் தொடறதுக்கு முன்னாடி அனுமதி கேட்டுச்சா அந்தக் குழந்தை?" என்றார் ஆலோசகர்.

"அது தூங்கிட்டு இருந்ததுங்களே."

"தூங்குறவங்களைத் தொடறதா? இன்னும் மோசம்!"

கவிஞரின் முகம் சிவந்துவிட்டது. "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? எதிர்லயே ஸ்கூல் இருக்கு. கீழ இறங்கிப் போய் நாலு பசங்ககிட்ட இதைப் படிச்சுக் காட்டுவோம். அவங்க பயந்தா நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

விற்பனை மேலாளர் கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"வெளிக் குழந்தைகள் கிட்டயா?" என்றார் தலைமைப் பதிப்பாசிரியை. "அப்போ நம்ம குழந்தை எதுக்கு இருக்காரு?" பிறகு குட்டி நாற்காலியின் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க சார். குழந்தை என்ன நினைக்கிறாரு?"

மூத்த குழந்தைக்கு வியர்த்தது. சிரிப்பு வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதலை பிழைத்துவிடும். ஆனால் யார் சிரித்தது என்று கேட்பார்களே. மகள் என்று சொல்ல வேண்டி வரும். அசல் குழந்தைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், கேட்டால் சம்பளமில்லாமலே சிரிப்பார்கள் என்கிற விஷயம் வெளியே தெரிந்துவிடும். இந்த வயதில் குழந்தை வேலையை விட்டால் வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு?

"எனக்கு... பயமா இருக்கு" என்றார்.

அவருடைய பணிக்காலத்தில் அவர் அங்கே சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

"பாத்தீங்களா! எப்படி வியர்த்துக் கொட்டுது பாருங்க, பாவம்" என்று உருகினார் தலைமைப் பதிப்பாசிரியை. ஆலோசகர் பால் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். கவிஞர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த குழந்தையோ பாலில் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் வழவழவென்று வந்தது. முதலை இருந்த இடத்தில், எல்லாருடைய திருத்தங்களையும் ஏற்று, குழுவே ஒரு பாட்டை இயற்றியிருந்தது.

தலையணை நல்ல தலையணை,
தலைக்கு ஏற்ற தலையணை!
பெரியோர் சொன்னால் படுத்திடுவோம்,
பெருமை சேர்க்கும் தலையணை!

பக்கத்துக்குப் பக்கம் தலையணை, ஓரங்கள் கூராக இல்லாதபடி வரைந்தது. 'மிகப் பாதுகாப்பான நூல்' என்று விருதும் கிடைத்தது. விருதுக் குழுவில் இருந்த ஒருவர், படிக்கும்போதே தூக்கம் வந்ததாக மனமாரப் பாராட்டினார்.

புத்தகம் வந்த அன்று சாயங்காலம் மூத்த குழந்தை வீட்டுக்குள் நுழைந்ததுமே மகள் பையைப் பிடுங்கினாள். தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து வந்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கூடப் பார்த்தாள்.

"அப்பா, முதலை எங்க?"

"எடுத்துட்டாங்கம்மா. குழந்தை பயந்துடுச்சாம்."

"எந்தக் குழந்தை?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "ஆபீஸ்ல... ஒரு குழந்தை."

"பயந்தா அது கண்ணை மூடிக்கட்டும்! என் முதலையை எதுக்கு எடுத்துச்சு?" என்று கத்தினாள். பிறகு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எழுந்து வந்தபோது அவள் குரல் உடைந்திருந்தது. "அங்கயும் இல்லப்பா. வெறும் இருட்டுதான் இருக்கு. நான் உங்க கூடத்தான் படுப்பேன்."

அவர் புத்தகத்தை ஓரமாக நகர்த்தினார். மகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வருட அறிக்கையைப் பதிப்பகம் தடித்த தாளில் அச்சிட்டு ஊரெல்லாம் அனுப்பியது. அதில் இப்படி ஒரு வரி: "மேற்படி நூல் குறித்துக் குழந்தைகள் தரப்பிலிருந்து இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை."

கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் குழந்தைதான்.