பிரிக்காத பிரதி

நாற்பது நாளில் பதினான்கு பிரதிகள்தான் போயிருந்தன. அதிலும் மூன்றை ஆசிரியரின் தம்பியே வாங்கியிருந்தார்.

வேறு யாருடைய புத்தகமாகவாவது இருந்திருந்தால் பின்னட்டை தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். இது அவருடைய மனைவி எழுதியது. வீட்டுக்குப் போய்த்தானே ஆகவேண்டும்?

பின்னட்டை என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். நம்பிக்கை, பண்பாடு பற்றிய கட்டுரை நூல்களை மட்டுமே வெளியிடும் ஒரு பதிப்பகத்தில், புதிதாக வரும் புத்தகங்களை ஊருக்கு அறிமுகம் செய்வது அவர் வேலை. மனிதர்கள் கண்ணேறுக்கு ஏன் பயப்படுகிறார்கள், பதின்மூன்றாம் மாடிக்கு ஏன் பதினான்கு என்று எண் போடுகிறார்கள் என்று பத்தொன்பது வருடத்தில் அறுபத்து மூன்று புத்தகங்களைத் தூக்கி நிறுத்தியவர். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பின்னட்டையில் இருக்கும் எட்டு வரி போதும், எட்டுப் பத்திரிகைக்கு எழுதிவிடுவார். எழுத்தாளர் எதிரே வந்தால், "அதுலயும் அந்த ஏழாம் அத்தியாயம் இருக்கே..." என்று இழுப்பார். மிச்சத்தை எழுத்தாளரே பூரித்துப்போய்ச் சொல்லி முடிப்பார். இந்த வித்தை ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை.

மனைவி பதினோரு வருடம் உழைத்து எழுதிய புத்தகம் அது. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் குறிப்புகள் என்றுதான் அந்த வீடு இருந்தது. கண்ணால் பார்க்காத ஒன்றை மனிதர்கள் எப்படி நம்பத் தொடங்குகிறார்கள் என்பது பொருள். அச்சாகி வந்த அன்று, கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு பிரதியை அவர் கையில் வைத்து, "இது உங்களுக்குன்னே எடுத்து வெச்சது. முதல்ல நீங்க படிங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது கேட்டாள். அவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"ராத்திரி உட்கார்ந்து முடிச்சுட்டேன். அதுலயும் அந்த ஏழாம் அத்தியாயம் இருக்கே..."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "முழுசாப் படிச்சீங்களா?"

"வரி வரியா."

"வேற ஒண்ணும் தோணலையா?"

"தோண என்ன இருக்கு? அருமை."

அவள் பாதிக் காப்பியோடு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு சரி என்று எழுந்து போய்விட்டாள். புகழ்ந்தால் கூச்சப்படுகிற பெண் என்று இவர் பெருமையாக நினைத்துக்கொண்டார். பிரதி கண்ணாடித்தாளோடு அவர் தோள்பையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறது?

அவளுக்குப் பேரும் புகழும் வேண்டியிருக்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டு வந்து, 'நீங்க சொல்றது தப்பு' என்று சண்டை போட ஒரே ஒரு ஆள் வேண்டும். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே, "யாராவது படிச்சாங்களா?" என்பாள். "படிக்கிறாங்க, படிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு இவர் நேரே குளியலறைக்குள் புகுந்துகொள்வார்.

அப்போதுதான் புத்தகக் கண்காட்சி வந்தது. கடைசி நாள், கால் கடுத்துப்போய் நிற்கிறார். ஓர் அம்மாள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைப் படித்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். பத்து நாள் அலுப்பும் எரிச்சலும் சேர்ந்து பின்னட்டையின் வாயில் வந்தது.

"படிக்கக்கூட வேண்டாம்மா. வீட்டுல வெச்சாலே நல்லது நடக்கும்."

கிண்டலாகச் சொன்னதுதான். அந்த அம்மாள் ஒன்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் மூன்று பக்கத்து வீட்டுக்காரிகளோடு அலுவலகத்துக்கே வந்து நின்றார். நாலு வருடமாக வழக்காடியும் காலி செய்யாத குடித்தனக்காரன், புத்தகம் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் தானாகவே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனானாம். அதற்கடுத்த வாரம் மாடிவீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. கோடிவீட்டுக்காரர் மட்டும் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். அன்றைக்கே அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துபோயிற்று. போதாதா? பிரிக்கக் கூடாது என்பது அன்று முதல் சட்டமாகிவிட்டது.

ஒரே மாதத்தில் இரண்டாம் பதிப்பு போட்டார்கள். முதலாளி மோவாயைத் தடவிக்கொண்டு, கண்ணாடித்தாளை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போடச் சொன்னார்.

மனைவிக்கு விஷயம் தெருவில் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி வழிமறித்து, மகனின் தேர்வு அனுமதிச் சீட்டை நீட்டி, ஒரு தடவை தொட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. "நீங்கதான் ஆரம்பிச்சு வெச்சீங்களாமே?" என்று மட்டும் கேட்டாள். பின்னட்டைக்குக் காது சூடாகிவிட்டது. ஒரே வாரத்தில் சரி செய்துவிடுகிறேன் என்றார்.

மறுநாளே ஒவ்வொரு பிரதியிலும் ஒரு சீட்டு ஒட்டச் செய்தார். 'பிரித்துப் படித்தால்தான் பலன்.' அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த விஷயத்தைப் பதிப்பகமே இப்போது எழுத்தில் கொடுத்துவிட்டது, பலன் உண்டு என்று. முதல் இரண்டு சொல்லை ஒருவரும் சட்டை செய்யவில்லை. விற்பனை இரண்டு மடங்காயிற்று.

அடுத்து, மனைவி பெயரில் பத்திரிகையில் ஓர் அறிக்கை விட்டார். இந்தப் புத்தகத்துக்கு எந்தச் சக்தியும் கிடையாது, எனக்கும் கிடையாது என்று. நிஜமாகவே சக்தி உள்ளவர்கள்தான் இத்தனை அடக்கமாகப் பேசுவார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. விடிந்தால் வீட்டு வாசலில் வரிசை. அவள் பால் வாங்கக்கூடப் பின்வாசல் வழியாகப் போக வேண்டியதாயிற்று.

மூன்றாம் பதிப்பு வந்த அன்று அவர் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். "நாலாயிரம் பேர் பிரிக்காமலே வெச்சிருக்காங்கன்னு வருத்தமா?"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நாலாயிரம் பேர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க."

என்ன பெருந்தன்மை என்று பின்னட்டை மலைத்துப்போனார்.

கடைசியாக அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிரிக்காதவர்களுக்குக் காது இருக்கிறதல்லவா? கூட்டம் போட்டு, ஏழாம் அத்தியாயத்தைத் தானே வாய்விட்டுப் படித்துவிடுவது. ஒருவராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அவள் முகம் மலரும்.

அரங்கு நிறைந்துவிட்டது. எல்லார் மடியிலும் கண்ணாடித்தாள் பளபளத்தது. மேடையில் மனைவி பக்கத்து நாற்காலியில். பின்னட்டை தோள்பையிலிருந்து தன் பிரதியை எடுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று கண்ணாடித்தாளைக் கிழித்தார். அரங்கே மூச்சைப் பிடித்தது. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

திறந்தார். வெள்ளை. அடுத்த பக்கமும் வெள்ளை. நடுவில் திறந்தார், கடைசியில் திறந்தார், ஓர் எழுத்துக் கிடையாது.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. புத்தகத்தின் முதுகு எத்தனை அகலம் வரும் என்று அளப்பதற்காக, அச்சடிக்காத தாளை அதே கனத்துக்குச் சேர்த்துக் கட்டி பைண்டர் ஒரு மாதிரி செய்வார். டம்மி என்பார்கள். அதற்கு அட்டையும் போட்டுப் புத்தகங்களோடு அனுப்பித் தொலைத்திருக்கிறான் அந்தப் படுபாவி.

முந்நூறு பேர் காத்திருந்தார்கள். மனைவியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னட்டை புத்தகத்தை அவள் கண்ணில் படாதபடி சாய்த்துப் பிடித்தார், தொண்டையைக் கனைத்தார், படிக்க ஆரம்பித்தார். நம்பிக்கை என்பது பூட்டிய அறை, மனிதன் அதன் வாசலில் திண்டாடும் காவலாளி என்று வாயில் வந்ததையெல்லாம் பத்து நிமிடம் அளந்தார். நடுநடுவே பக்கமும் புரட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"எப்படி?" என்றார், மேடையை விட்டு இறங்கும்போது.

"சரியான இடத்துல பக்கம் திருப்பினீங்க" என்றாள் அவள். கொஞ்சம் வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தாள்.

மறுநாள் காலை பின்னட்டை பைண்டிங் கடைக்குள் நுழைந்ததும் வெள்ளைப் புத்தகத்தை மேசை மேல் விட்டெறிந்தார்.

"ஏன்யா, கண்ணு தெரியுதா உனக்கு? டம்மியைப் போய் எனக்கு அனுப்பியிருக்கியே. நாலு மாசமா இதைத் தூக்கிட்டு அலையறேன்."

பைண்டர் கோபப்படவில்லை. கையில் இருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மேலே பலகையைக் காட்டினார். தூசிக்கு நடுவே, ஒரு புத்தகம் இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாகச் சுத்தமாக இருந்தது.

"அந்த டம்மிக்கு அட்டை போடச் சொல்லி உங்க வீட்டு மேடம்தான் சார் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. 'மூணு நாள்ல வந்து உங்ககிட்ட சத்தம் போடுவார், அப்ப இதைக் குடுத்துடுங்க'ன்னு உங்களுக்குக் கையெழுத்துப் போட்ட நிஜப் பிரதியை இங்க வெச்சுட்டுப் போனாங்க. நாலு மாசமா நானும் வாசலைப் பார்த்துட்டு இருந்தேன் சார், நேத்து கூட்டம் முடிஞ்சதும் அவங்களே வந்து திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க."